லைசென்ஸ் புதுப்பிக்க மறுத்த பஞ்சாயத்து: பெருமாட்டி, 2003

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காடு போகிற சாலையில், எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கன்னிமாரி வரும். அதையொட்டி இருக்கிற ஊர் பிளாச்சிமடா. கடைப் பலகைகளில் எழுத்து மலையாளத்துக்கு மாறியிருக்கும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது, தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறைய. நிலமும் நம் பக்கத்து நிலம் மாதிரிதான். கேரளா என்றதும் நினைவுக்கு வருகிற மழையும் பச்சையும் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு மூலைக்கு வந்து சேருவதில்லை. பாசனத்துக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தை நம்பியிருக்கிறார்கள். அந்தத் திட்ட ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளாவுக்கு விட வேண்டும். விட்டார்களா இல்லையா என்று இரண்டு மாநிலத்துக்கும் வருஷா வருஷம் வாய்த்தகராறு வரும். தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஊர் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

பிளாச்சிமடா என்றால் வெளியே தெரிந்த கதை ஒன்றுதான். கோகோ கோலா ஆலை வந்தது, கிணறு கெட்டது, ஆதிவாசிப் பெண்கள் உட்கார்ந்து போராடினார்கள், ஆலை மூடியது. அது உண்மைதான். ஆனால் போராட்டப் பந்தல் பக்கம் எல்லோரும் பார்த்துவிட்டதால், பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் பார்வை அதிகம் போகவில்லை. இந்த வழக்கு கோர்ட்டுக்குப் போனதே பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து தன் கூட்டத்தில் போட்ட ஒரு தீர்மானத்தால்தான். சாதாரண லைசென்ஸ் புதுப்பிப்பு விவகாரம் அது. அந்தத் தீர்மானம் எப்படி வந்தது, எங்கெங்கே அடிபட்டது, அடிபட்டும் எப்படி நின்றது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

கொடுத்ததும் இதே பஞ்சாயத்துதான்

2000 ஜனவரி 27-ஆம் தேதி இந்துஸ்தான் கோகோ கோலா பெவரேஜஸ் நிறுவனத்துக்கு பெருமாட்டிப் பஞ்சாயத்து லைசென்ஸ் கொடுத்தது. 34 ஏக்கர் இடம். மார்ச் மாதமே உற்பத்தி தொடங்கிவிட்டது. உள்ளே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நீர் எடுத்தார்கள். குளிர்பானம் செய்கிற ஆலைக்குத் தண்ணீர்தான் கச்சாப்பொருள். பாட்டிலுக்குள் போவதைவிட, பாட்டில் கழுவவும் மற்ற வேலைக்கும் போவது பல மடங்கு. நாளுக்கு எவ்வளவு எடுத்தார்கள் என்பதில் இன்றுவரை இரண்டு கணக்கு உண்டு. நிறுவனத்தின் தரப்புக் கணக்கு 5 லட்சம் லிட்டரைச் சுற்றி நிற்கும். போராடியவர்கள் 15 லட்சம் லிட்டர் என்றார்கள்.

லைசென்ஸ் கொடுத்தபோது பஞ்சாயத்தில் யாராவது இந்தத் தண்ணீர்க் கணக்கைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்று குற்றம் சொல்வது இப்போது சுலபம். 2000-இல் எந்தக் கிராமப் பஞ்சாயத்தும் கேட்டிருக்காது. உலகப் பெரிய கம்பெனி ஒன்று ஊரைத் தேடி வருகிறது, வேலை தருகிறேன் என்கிறது, கட்டட வரி கட்டுகிறது. தங்கள் வருஷ வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு ஆலையிலிருந்துதான் வந்தது என்று பின்னாளில் பஞ்சாயத்துத் தரப்பே சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஒரு கிராமப் பஞ்சாயத்துக்கு இதன் அர்த்தம் என்ன என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். தெருவிளக்கு பல்பு, குழாய் ரிப்பேர், துப்புரவு ஆள் கூலி எல்லாம் அந்தப் பணத்தில் ஓடுகிறவை.

ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனதும் புகார் வர ஆரம்பித்தது. ஆலைக்கு எதிரே விஜயநகர் காலனி. எரவாளர், மலசர் என்று ஆதிவாசிக் குடும்பங்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். கிணற்று நீர் கீழே இறங்கியது ஒரு பக்கம் இருக்கட்டும். இருந்த நீரும் மாறிப்போனது. குளித்தால் உடம்பு அரிக்கிறது, சோறு வடித்தால் நிறம் மாறுகிறது, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. இதற்கு ஆய்வகம் வேண்டாம். சப்பைத் தண்ணீர் வந்தால் நம் வீட்டுப் பெண்கள் குக்கர் விசில் எண்ணிக்கையிலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே ஒரு குடம் நல்ல தண்ணீருக்குக் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டி வந்தது. தண்ணீர் எடுத்துவிட்டு வேலைக்குப் போனால் கூலிக்கு நேரமாகிவிடும், அன்றைய கூலி போச்சு.

2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டார்கள். ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு தொடங்கி வைத்தார். முன்னால் நின்றவர் மயிலம்மா, எரவாளர் சமூகத்துப் பெண், பள்ளிக்கூடம் போகாதவர். ஆரம்ப மாதங்களில் பெரிய கட்சிகள் அந்தப் பந்தல் பக்கம் முழு மனசோடு வரவில்லை. பஞ்சாயத்தும் வரவில்லை. ஆலையை எதிர்ப்பதென்றால் வேலையை எதிர்ப்பது, வளர்ச்சியை எதிர்ப்பது என்று அர்த்தமாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பஞ்சாயத்து மனம் மாற ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷமும் தலைவரும் உறுப்பினர்களும் ஆபீசுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பந்தலைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டிருப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகியிருக்காது.

ஏப்ரல் 7, 2003

லைசென்ஸ் நிதியாண்டுக் கணக்கு. மார்ச் 31-உடன் முடியும், புதுப்பிக்க வேண்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை இது கூட்டத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத பொருள். விண்ணப்பம் வந்திருக்கிறது, கட்டணம் கட்டியாகிவிட்டது, புதுப்பிக்கலாம், அடுத்த பொருள்.

2003 ஏப்ரல் 7 கூட்டத்தில் பெருமாட்டி உறுப்பினர்கள் அந்தப் பொருளில் நின்றார்கள். அப்போது தலைவர் ஏ. கிருஷ்ணன், ஜனதா தளத்தைச் சேர்ந்தவர். ஆலை நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுப்பதால் பெருமாட்டிப் பஞ்சாயத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கடுமையான குடிநீர்த் தட்டுப்பாடு வந்துவிட்டது, எனவே பொதுநலன் கருதி லைசென்ஸைப் புதுப்பிப்பதில்லை. தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 9-ஆம் தேதி, ஏன் லைசென்ஸை ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு நிறுவனத்துக்கு நோட்டீஸ் போனது. இந்த இரண்டு நாளில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. தீர்மானம் போட்ட சூட்டோடு பூட்டைக் கொண்டுபோய் மாட்டிவிடவில்லை. எதிர்த் தரப்பைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற இயற்கை நீதியின் பாடத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளாட்சித் தீர்மானங்கள் கோர்ட்டில் அடிபட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: நோட்டீஸ் இல்லை, கேட்கவில்லை, எனவே செல்லாது. பெருமாட்டி அந்தக் குழியில் விழவில்லை. நிறுவனம் பதில் கொடுத்தது, விசாரணை நடந்தது. இதற்கிடையில் மே மாதம் பெருமாட்டி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அந்தப் பகுதிக் கிணற்று நீர் குடிக்க லாயக்கில்லை என்று பஞ்சாயத்துக்குத் தெரிவித்தார். மே 15-ஆம் தேதி லைசென்ஸ் ரத்து உத்தரவு வந்தது.

சரி, தீர்மானம் எவ்வளவு வலுவானது? மனசாட்சிப்படி சரியானது, காகிதத்தில் பலவீனமானது என்பேன். ஆலை தண்ணீர் எடுக்கிறது, ஊரில் தண்ணீர் இல்லை. இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற உண்மை. முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று காட்டுவதற்குத் தீர்மானத்தோடு சேர்த்துவைக்க பஞ்சாயத்திடம் எதுவும் இல்லை. அந்த வருஷங்களில் மழையும் குறைவு. நிறுவனத்தின் வக்கீல்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: தட்டுப்பாடு மழையில்லாததால் வந்தது, எங்கள் ஆழ்துளைக் கிணறுகளால் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எங்கே?

இங்கே ஒரு சின்ன ஆதங்கம் எனக்கு உண்டு. 2000 மார்ச்சிலிருந்து ஊரில் பத்துப் பொதுக் கிணறுகளில் மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால்? கயிற்றில் முடிச்சுப் போட்டு முழக்கணக்கில் எழுதினால்கூடப் போதும். அதே கிணற்று நீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பி அந்தத் தாளை ஃபைலில் கோத்திருந்தால்? அந்த நோட்டு கோர்ட்டில் பல வக்கீல்களுக்குச் சமமாகப் பேசியிருக்கும். பெரிய ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கிற அன்றே தொடங்க வேண்டிய வேலை இது. எந்தப் பஞ்சாயத்தும் செய்வதில்லை, இன்றைக்கும்.

மேலே போகப் போக

நிறுவனம் உயர் நீதிமன்றம் போனது. முதலில் உள்ளாட்சித் துறையிடம் முறையிடுங்கள் என்று கோர்ட் அனுப்பியது. அரசு பஞ்சாயத்தின் உத்தரவுக்குத் தடை போட்டது. ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. 2003 அக்டோபர் 13-ஆம் தேதி அரசின் முடிவு வந்தது: ரத்து உத்தரவு நிற்காது, நிலத்தடி நீர்த்துறை, பொதுச் சுகாதாரத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் நிபுணர்களைக் கொண்ட குழுவைப் பஞ்சாயத்து அமைத்து, விரிவாக ஆராய்ந்து, அப்புறம் முடிவெடுக்கட்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான உத்தரவு. ஆனால் சுமை யார் தலையில் வைக்கப்பட்டது என்று பாருங்கள். தண்ணீரை எடுக்கிறவன் தன்னால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பாதி வருமானத்தைப் பணயம் வைத்த கிராமப் பஞ்சாயத்து நிபுணர் குழு கூட்டி நிரூபிக்க வேண்டும். அதுவரை மோட்டார் ஓடும். பஞ்சாயத்து இந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டது, 2003-ஆம் வருஷத்து 34292 எண் மனு. மாநில அரசின் உத்தரவை எதிர்த்து ஒரு கிராமப் பஞ்சாயத்து கோர்ட் படியேறுவதை நம் ஊரில் நினைத்துப் பாருங்கள். தலைவர் மறுநாள் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் நின்றுகொண்டிருப்பார்.

ஊருக்கு வெளியே அந்த வருஷம் வேறொன்றும் நடந்தது. ஆலைக் கழிவுச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்துவந்தார்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலி அந்தச் சேற்றை இங்கிலாந்தில் பரிசோதித்து, அதில் காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருப்பதாக ஒலிபரப்பியது. ஆகஸ்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேற்றைக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. பஞ்சாயத்தின் வழக்கு தண்ணீரின் அளவைப் பற்றியது, இது தரத்தைப் பற்றியது. சட்டப்படி இரண்டும் வேறு. ஆனால் பிளாச்சிமடா என்ற பெயர் உலகப் பத்திரிகைகளில் ஏறியது இதற்குப் பிறகுதான்.

2003 டிசம்பர் 16-ஆம் தேதி நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். நிலத்தடி நீர் தனியார் சொத்தல்ல, மக்களுக்கு உரியது, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்றார் அவர். கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ அப்படி: பாதுகாக்கலாம், பராமரிக்கலாம், ஒருவனுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. நிலத்தடி நீருக்குத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், உயிர்வாழும் உரிமையைச் சொல்கிற அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவின் கீழ் அதைக் காக்கிற கடமை அரசுக்கும் பஞ்சாயத்துக்கும் உண்டு என்றும் சொன்னார். ஒரு மாதம் அவகாசம், அதற்குள் நிறுவனம் வேறு நீராதாரம் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் 34 ஏக்கர் வைத்திருக்கிற ஒரு நிலச்சொந்தக்காரர் எடுக்கிற அளவுக்குத்தான் நிலத்தடி நீர் எடுக்கலாம்.

இதைப் பஞ்சாயத்தின் வெற்றி என்று எழுதினார்கள். முழுவதும் அப்படி இல்லை. நிலத்தடி நீர் எடுப்பதைத் தடுக்கலாம், ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக ஆலையையே மூடச் சொல்ல முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தால் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பித்தாக வேண்டும். அதாவது பஞ்சாயத்தின் காரணத்தைக் கோர்ட் தூக்கிப் பிடித்தது, பஞ்சாயத்தின் உத்தரவைக் கீழே வைத்தது. மே 15 உத்தரவைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதியிருந்தால், அதாவது ரத்து என்று இல்லாமல் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மட்டுமே புதுப்பிப்போம் என்று எழுதியிருந்தால், ஒருவேளை முழுதாகவே நின்றிருக்கும். ஆனால் பந்தலில் ஒரு வருஷம் உட்கார்ந்தவர்களிடம் போய், மூடவில்லை, நிபந்தனை போட்டிருக்கிறோம் என்று எந்தத் தலைவரால் சொல்லியிருக்க முடியும்?

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. இடையில் 2004 பிப்ரவரியில் மாநில அரசு பாலக்காட்டு வறட்சியைக் காரணம் காட்டி, ஜூன் 15 வரை ஆலை நிலத்தடி நீர் எடுப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. ஜனவரியில்தான் பிளாச்சிமடாவில் உலகத் தண்ணீர் மாநாடு நடந்து, வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். அரசுக்கும் அழுத்தம் இருந்தது. 2004 மார்ச் 9-ஆம் தேதி ஆலையில் உற்பத்தி நின்றது. நிறுத்தியது பஞ்சாயத்தின் தீர்மானமோ தனி நீதிபதியின் தீர்ப்போ இல்லை என்பதைக் கவனியுங்கள். அரசின் தற்காலிகக் கட்டுப்பாடு, அதுவும் கோடைக்கு மட்டும்.

இரண்டு வருஷம் கழித்து, அதே ஏப்ரல் 7

மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு, கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையத்தின் தலைமையில் ஒரு ஆய்வு நடத்தச் சொன்னது. சாதாரணமாக மழை பெய்கிற வருஷத்தில் நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்தால் பாதகமில்லை என்று அறிக்கை வந்தது. அதை ஏற்று 2005 ஏப்ரல் 7-ஆம் தேதி அமர்வு தீர்ப்பளித்தது. பஞ்சாயத்து தீர்மானம் போட்ட அதே தேதி, இரண்டு வருஷம் தள்ளி. இது தற்செயல்தான், ஆனால் பெருமாட்டியில் யாராவது கவனித்திருப்பார்கள்.

தனி நீதிபதி சொன்னதற்கு நேர் எதிர் இந்தத் தீர்ப்பு. நில உடைமையாளருக்குத் தன் நிலத்தின் கீழுள்ள நீரை நியாயமான அளவில் எடுக்க உரிமை உண்டு, அதற்கு ஒவ்வொருமுறையும் பஞ்சாயத்திடமோ அரசிடமோ அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை என்றது. 1882-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தின் வழி வருகிற சிந்தனை அது: நிலம் யாருடையதோ, அடியில் இருக்கிற நீரும் அவருடையது. மாட்டு வண்டியும் கவலை ஏற்றமும் இருந்த காலத்தில் அந்தச் சட்டம் யாரையும் கெடுக்கவில்லை. ஒரு ஜோடி மாடு ஒருநாளில் எவ்வளவு இறைத்துவிடும்? பல குதிரைசக்தி மோட்டார் வந்த பிறகு என் நிலத்துக்கு அடியில் இருக்கிற நீர் என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. பக்கத்து நிலத்து நீரும் என் குழாய்க்குத்தான் வருகிறது.

லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு உத்தரவு. பஞ்சாயத்து இழுத்தது. ஜூன் 1-ஆம் தேதி கோர்ட் மறுபடியும், இம்முறை கறாராக, கொடு என்றது. இனி மறுத்தால் கோர்ட் அவமதிப்பு. இந்த இடத்தில் பெருமாட்டி செய்ததைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். லைசென்ஸ் கொடுத்தார்கள். 3 மாதத்துக்கு மட்டும், 13 நிபந்தனைகளோடு. அதில் முக்கியமானது: பெருமாட்டிப் பஞ்சாயத்தின் நிலத்தடி நீரைப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீர் எடுக்காமல் குளிர்பானம் செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த மாதிரியும் ஆச்சு, தீர்மானத்தை விடாத மாதிரியும் ஆச்சு. நிறுவனம் ஏற்கவில்லை, மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது. பஞ்சாயத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த வழக்குகள் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு அரசு அமைப்பாகப் பஞ்சாயத்தின் பக்கம் வந்து சேர்ந்தது. 2005 ஆகஸ்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காட்மியம் பிரச்சினையை வைத்து ஆலையை நிறுத்தச் சொன்னது. நவம்பரில் மாநில அரசு சித்தூர் வட்டாரத்தை நிலத்தடி நீர் மிதமிஞ்சிச் சுரண்டப்பட்ட பகுதி என்று அறிவித்தது. கேரள நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்பு அது. நிலத்தடி நீர் போதாது என்று 2003-இல் பஞ்சாயத்து சொன்னபோது, ஆதாரம் எங்கே என்று கேட்ட அதே அரசு. இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

அதே மாவட்டத்தில் அதே 2003 மே மாதத்தில் இன்னொரு பஞ்சாயத்தும் இதைச் செய்து பார்த்தது. கஞ்சிக்கோடு பக்கம் இருக்கிற புதுச்சேரிப் பஞ்சாயத்து, நம் பாண்டிச்சேரி இல்லை, பெப்சி ஆலையின் லைசென்ஸை ரத்து செய்தது. அது நிற்கவில்லை. அந்த ஆலை இருந்த இடம் தொழிற்பேட்டை, ஆலைகளுக்கு அனுமதி தருகிற அதிகாரம் அங்கே பஞ்சாயத்திடம் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. பிளாச்சிமடா ஆலை தொழிற்பேட்டைக்குள் இல்லாமல் வயல்களுக்கு நடுவே வந்ததால்தான் பெருமாட்டியின் கையில் லைசென்ஸ் இருந்தது. உள்ளாட்சிக்கு 29 துறைகளில் அதிகாரம் என்று மேடையில் பேசுவார்கள். தொழிற்பேட்டை, சிறப்பு மண்டலம், ஒற்றைச் சாளர அனுமதி என்று ஒவ்வொன்றாக வரும்போது அந்த 29-இல் எது போகிறது என்று யாரும் பேசுவதில்லை. சின்னது என்று நினைக்கிற லைசென்ஸ் அதிகாரம் போனால் எல்லாமே போய்விடும். இந்த இரண்டு பஞ்சாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெரியும்.

கணக்கு

சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பெருமாட்டிப் பஞ்சாயத்து பெரும்பாலும் தோற்றது. அரசிடம் தோற்றது. தனி நீதிபதியிடம் பாதி ஜெயித்தது. இரு நீதிபதிகள் அமர்வில் தோற்றது. ஆனால் 2004 மார்ச்சுக்குப் பிறகு அந்த ஆலையில் வணிக உற்பத்தி நடக்கவே இல்லை. பஞ்சாயத்து ஒவ்வொரு படியிலும் விட்டுக்கொடுக்காமல் காலத்தை இழுத்ததில்தான் வறட்சி உத்தரவும், வாரியத்தின் தடையும், நிலத்தடி நீர்ச் சட்டமும் வந்து சேர அவகாசம் கிடைத்தது. 2003 மே மாதமே பஞ்சாயத்து பணிந்து புதுப்பித்துக் கொடுத்திருந்தால் மற்ற எதுவும் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இழப்பும் இருந்தது. பஞ்சாயத்துக்கு வரி வருமானம் போனது. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு வேலை போனது. அவர்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். ஆலைக்கு ஆதரவாகவும் ஊரில் ஊர்வலம் போயிருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை சினிமா மாதிரி ஆகிவிடும்.

2010 மார்ச்சில், மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு, கே. ஜெயகுமார் தலைமையில், பிளாச்சிமடா மக்களுக்கு நேர்ந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. பயிர், உடல்நலம், கெட்டுப்போன நீர், தண்ணீர் தூக்கப் போனதில் இழந்த கூலி எல்லாம் அதில் உண்டு. குடத்தோடு நடந்த நேரத்துக்கு அரசுக் குழு ஒன்று ரூபாய்க் கணக்குப் போட்டது எனக்கு முக்கியமாகப்படுகிறது. அதை வசூலித்துக் கொடுக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரியில் கேரள சட்டசபை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு டெல்லி போனது. வருஷக்கணக்கில் கிடந்துவிட்டு, ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்தது. மயிலம்மா இதையெல்லாம் பார்க்க இல்லை. 2007 ஜனவரி 6-ஆம் தேதியே இறந்துவிட்டார்.

உச்ச நீதிமன்ற வழக்கு 2017 ஜூலையில் விசாரணைக்கு வந்தபோது, பிளாச்சிமடாவில் ஆலையை மறுபடி தொடங்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனத் தரப்பில் சொன்னார்கள். அப்படியானால் முடிவு சொல்ல ஒன்றுமில்லை என்று கோர்ட் வழக்கை முடித்து வைத்தது. தனி நீதிபதி சொன்னது சரியா, இரு நீதிபதிகள் சொன்னது சரியா, நிலத்தடி நீர் விஷயத்தில் பஞ்சாயத்தின் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு என்பதை உச்ச நீதிமன்றம் தொடவில்லை. பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003 ஏப்ரல் 7-ஆம் தேதி கூட்டத்தில் எழுப்பிய கேள்வி அதுதான்.